எட்டு அடி

காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
அலுமாரியை நகர்த்தி
அரிசிச் சாக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியபின்
சுவருக்குச் சுவர் நேராக மிஞ்சியது
எட்டு அடிதான்.
ஆகவே என் குழிவாடியின் வளைவாரை எட்டு அடி,
குவியத் தூரம் நாலு.
வானத்தை எவ்வளவு அள்ளலாம் என்பதைத்
தோட்டத்துத் துரைமார்
எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.

கண்ணாடி பஞ்சிகாவத்தையில் வாங்கியது.
உடைத்த கப்பலொன்றின் சன்னல்,
ஆறு அங்குலம், விரலளவு தடிப்பு,
ஓரத்தில் இன்னும் உப்பு.
மஸ்கெலியா பஸ்ஸில் அதை மடியில் வைத்து வந்தேன்.
"சீட்டுக் காசுல சன்னலா?" என்று
தவசீலன் ஒருமுறைதான் கேட்டான்.

ஆடி மாதம் முழுக்க ஆடி தேய்த்தேன்.
தகரத்தில் மழை,
மேலொரு கண்ணாடி, கீழொரு கண்ணாடி,
நடுவே கரகரக்கும் பொடி.
ஆறு தள்ளு, ஒரு திருப்பு,
பீப்பாயைச் சுற்றி ஒரு எட்டு.
இரண்டும் ஒரே மாதிரித் தேய்வதில்லை.
மேலே இருப்பது குழியும்,
கீழே கிடப்பது புடைக்கும்.
இதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

குழி எவ்வளவு ஆழம் என்கிறீர்கள்?
நடுவில் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்.
கோளத்தின் துண்டாக இருந்தால் நட்சத்திரம் பிசிறும்,
பரவளைவு வேண்டும்.
இரண்டுக்கும் இடையில் இருப்பது
பச்சை ஒளியின் அரை அலை.
அந்த அரை அலைக்கு மூன்று மாதம்.

சோதனை இரவில்.
லயம் அடங்க வேண்டும்.
செபமாலை வீட்டு டீவி, அவர் இருமல்,
கோடியில் யாரோ கதவு சாத்துவது
எல்லாம் கண்ணாடியில் நடுங்கும்.
ஓர் ஊசித்துளை வெளிச்சம், பாதியாக ஒடித்த பிளேடு.
போன ஒளி திரும்பிவந்து கூடும் புள்ளியில்
பிளேடை மயிரிழை நகர்த்தினால்
வழவழவென்று கிடந்ததில்
மலை எழும்.
மேடு, விளிம்பில் சரிவு, நடுவில் பள்ளம்,
கவ்வாத்து வெட்டிய மலையைச்
சாயங்கால வெயிலில் பார்ப்பது போல.
விரலை வைத்து மூன்று எண்ணி எடுத்தேன்.
தொட்ட இடம் சூட்டில் வீங்கிக் குன்றாகி நின்றது.
அது அமரக் கால்மணி நேரம் பிடித்தது.

தவசீலன் இஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு
ராத்திரி ஒரு மணிக்கு வந்தான்.
நாங்கள் பேசி ஐந்து நாள்.
தண்ணீர்க் குடத்துக்குப் போகிறவன்
ஒளி போகிற வழியோரம் நின்றான்,
அது வழி என்று தெரியாமல்.
பிளேடுக்குப் பின்னால் என் கண்.
கண்ணாடி நிறையப் புகை.
அவன் கழுத்திலிருந்து, தோளிலிருந்து,
செம்பைப் பிடித்த கையிலிருந்து
சூடு சுருள்சுருளாக மேலே போய்க்கொண்டிருந்தது.
தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
அங்கே ஒன்றுமில்லை,
ஒரு மனுசன் தண்ணீர் குடிக்கிறான்.
"மறைக்கிறேனா?" என்றான்.
"நில்லு கொஞ்சம்."

முகம் பார்க்கிற கண்ணாடி
வெள்ளியை முதுகில் ஒளித்துவைக்கும்.
இது நெஞ்சிலே பூசும்.
சில்வர் நைத்திரேற்று, சீனிப்பாகு,
அட்டனில் மருந்துக்கடைக்காரரின் சந்தேகப் பார்வை.
குழாயின் மேல்முனையில் ஒளியைத் திருப்ப
அலுமாரிக் கண்ணாடியில் ஒரு சில்லு வெட்டி வைத்தேன்.
நிலாவுக்குப் பக்கத்தில்
மங்கலாய் இன்னொரு நிலா.
முன்தோலில் பட்டது ஒன்று, முதுகுவரை போய்வந்தது ஒன்று.
அதை எறிந்துவிட்டு
தளவாடிக்கும் முன்னாலேயே வெள்ளி பூசினேன்.

தையில் ஒரு ராத்திரி.
மேலே முழுக்க மூட்டம், கீழே மட்டும் தெளிவு.
குழாயைச் சிவனொளிபாத மலைக்குத் திருப்பினேன்.
படிவிளக்குகள் தலைகீழாகத் தொங்கின,
யாரோ கழற்றி ஆணியில் மாட்டிய மாலையாக.
"ஏறுறவன் எல்லாம் இறங்குறான்" என்றான் தவசீலன்.
குனிந்தவன் நிமிரவில்லை.
அவன் மூச்சுப்பட்டு
கண்வில்லை பூத்து மலை போயிற்று.
சட்டைநுனியை எடுத்தான்.
துடைக்காதே என்றேன்,
தானாகப் போகும்.